நோய் வளர்த்த வயல்

அந்த வயலில் முதல் வெள்ளையைப் பார்த்தவள் நான்தான். வயலுக்குச் சொந்தக்காரர் அப்போது இருபதடி தள்ளி, மண்வெட்டியால் வரப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். கார்த்திகை மாதத்துக் காலை. மக்காச்சோளத் தோகைகளில் பனி நின்றது. இருபது நாள் பயிர், முழங்காலுக்குக் கீழே. ஒரு செடியின் அடித்தோகை மட்டும் வெளிறியிருந்தது. குனிந்து அதைத் திருப்பினேன். அடிப்பக்கத்தில் மாவு தூவியது போல வெள்ளை. தொட்டேன், விரலில் ஒட்டியது. அடுத்த செடியைத் திருப்பினேன். அதற்கடுத்ததையும். எட்டுச் செடிகளைப் பார்த்ததில் ஐந்தில் இருந்தது.

"என்ன ஆபீசரம்மா, நம்ம பயிர நோட்டம் பாக்கியளா?" என்று அவர் அங்கிருந்தே சிரித்தார். "எப்பிடி வந்திருக்கு?"

"நல்லா வந்திருக்கு அண்ணாச்சி" என்றேன்.

விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு எங்கள் ஆராய்ச்சி வயலுக்குப் போனேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பயிர் நோயியல் படித்து முடித்து, ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் தற்காலிக உதவியாளராகச் சேர்ந்து எனக்கு இரண்டாவது ஆண்டு நடந்தது. வீடு திருநெல்வேலி வண்ணார்பேட்டையில். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அவ்வளவு படித்த பெண் காலை ஐந்தரைக்கு ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸில் ஏறிப் போய்ச் சேற்றில் நிற்கிறாள் என்பதில் வீட்டில் யாருக்கும் பெருமை கிடையாது. ஒவ்வொரு பங்குனியிலும் வேலை நீடிக்குமா என்று ஒரு கடிதம் வரும். அதில் கையெழுத்துப் போடுகிறவர் எங்கள் திட்டத் தலைவர். எல்லாரும் அவரை சார் என்போம். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

மக்காச்சோளத்துக்கு எங்கள் பக்கத்தில் மூன்று நோய்கள் பெரிய தொல்லை. நாற்றுப் பருவத்தில் அடிச்சாம்பல். அது வந்த செடி வெளிறி, குறுகி, கதிர் பிடிக்காமலே நிற்கும். பூக்கும் சமயத்தில் இலைக் கருகல். கடைசியில், வெயில் ஏறி மண் காயும்போது தண்டு அழுகல். ஒன்றைத் தாங்குகிற செடி இன்னொன்றில் விழுந்துவிடும். மூன்றையும் தாங்குகிற ஒரு லைன் கிடைத்தால் அதைத் தாயாகவோ தகப்பனாகவோ வைத்து நல்ல வீரிய ஒட்டு விதை உண்டாக்கலாம். லைன் என்றால், ஒரு செடியை அதன் மகரந்தத்தாலேயே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து, எல்லாச் செடியும் ஒன்றுபோல வரும்படி நிலைப்படுத்திய விதை. அப்படி நாற்பது லைன்கள் எங்களிடம் இருந்தன. பெயர் கிடையாது, எண்தான்.

ஒரு லைன் தாங்குமா என்று பார்க்க வேண்டுமானால் முதலில் நோய் வர வேண்டும். அதற்காக, லைன்களை விதைப்பதற்கு மூன்று வாரம் முன்னாலேயே, நோய்க்குச் சட்டென்று இரையாகிற ஒரு ரகத்தை நடுநடுவே விதைத்து அதில் நோயை ஏற்றிவிடுவோம். நோய் வரிசை என்று அதைச் சொல்வோம். விடியற்காலைப் பனியில் அந்தத் தோகைகளின் அடியிலிருந்து வித்துகள் கிளம்பிக் காற்றில் போய்ப் பக்கத்து லைன்கள் மேல் விழும். யார் விழுகிறார், யார் நிற்கிறார் என்று நாற்பதாவது நாள் எண்ணுவோம்.

முந்தைய இரண்டு பருவங்களிலும் நோய் சரியாகப் பிடிக்கவில்லை. எல்லாச் செடியும் நன்றாக இருந்தன. அதனால் எதுவும் தெரியவில்லை. எனவே அந்த முறை சார், ஆற்றுக்குப் பக்கமாக ஈரமுள்ள இடமாகப் பார்த்து, ஸ்ரீவைகுண்டத்துக்கு மேற்கே ஒரு மேட்டு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தார். இரண்டு பக்கம் நெல், ஒரு பக்கம் வாழை. அடிச்சாம்பல் அவற்றுக்குப் போகாது. கிழக்குப் பக்கம் மட்டும் அரை ஏக்கர், உளுந்து எடுத்துவிட்டுச் சும்மா கிடந்த நிலம். அந்த அரை ஏக்கர்தான் இவருடையது.

நாற்பது வயதிருக்கும் அவருக்கு. அண்ணன் தம்பி இரண்டு பேர். வாழைத்தோட்டம் அண்ணனுடையது, இந்த அரை ஏக்கர் தம்பியுடையது, கிணறும் மோட்டாரும் பொது. அண்ணன் முறை முடிந்தால் தம்பி முறை. எந்தப் பயிரை எப்போது போடுவது என்பதை மட்டும் அதுவரை அண்ணன்தான் சொல்லிவந்திருக்கிறார்.

எங்கள் லைன்களை விதைத்து ஒரு வாரம் ஆனபோது, தம்பிக்காரர் ஒரு நார்ப்பெட்டியில் விதையோடு நிலத்தில் நின்றார்.

"என்ன அண்ணாச்சி போடுதீங்க?" என்று கேட்டேன்.

"மக்காச்சோளந்தான். உங்களுதப் பாத்துத்தான் ஆச வந்துச்சு. நீங்க முதல்ல போட்டியள்லா, அந்த வரிச எப்பிடிக் கிளம்பி வருதுன்னு தெனமும் பாக்கேம்லா. கோழித் தீவனத்துக்கு எடுக்காங்களாம். எங்க அண்ணன் உளுந்தயே போடுங்கான். இந்த ஒரு தடவ நான் சொல்லுத மாதிரிதான்னுட்டேன்."

அவர் பார்த்து ஆசைப்பட்டது நோய் வரிசையை. அடித்தோகைகளின் கீழே இருந்த வெள்ளை அங்கிருந்து தெரியாது.

விதையில் கலந்துவிட்டால் நாற்றைக் காப்பாற்றுகிற ஒரு மருந்து அப்போதே உண்டு. எங்கள் அலுவலக அலமாரியில் ஒரு பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. ஒரு நாள் பொறுங்கள் என்று சொல்லியிருந்தால் போதும். சாரிடம் கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். அன்று சார் மதுரைக்குப் போயிருந்தார். மறுநாள் மழை. அதற்கடுத்த நாள் நான் போனபோது அவர் விதைத்து முடித்து, காக்கை விரட்டிக்கொண்டிருந்தார். இதை எத்தனையோ தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். மதுரையும் மழையும் சாக்குத்தான். வாயைத் திறக்க எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளையைப் பார்த்த அன்றே அலுவலகத்துக்குப் போய் சாரிடம் சொன்னேன்.

"நம்ம வரிசையிலிருந்துதான் போச்சுன்னு எப்படிச் சொல்றே? புல்லுலகூட அது இருக்கும்" என்றார்.

"விடியக்காலம் காத்து மேற்கேயிருந்து சார். அவங்க வயல் நமக்குக் கிழக்கே."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "கணக்கெடுக்க இன்னும் எத்தனை நாள்?"

"பன்னிரண்டு."

"மூணு வருஷத்துல இப்பத்தான் நோய் ஒழுங்காப் பிடிச்சிருக்கு. இப்பப் போய்ச் சொன்னா நாளைக்கே வந்து அத்தனையும் பிடுங்கிப் போடுவாங்க. நோய் வந்த செடி வந்ததுதான். சொன்னா திரும்பிருமா?"

"வராத செடியையாவது காப்பாத்தலாம் சார்."

"பன்னிரண்டு நாள் பேசாம இரு. அப்புறம் நானே வந்து பேசுறேன்."

சாரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அந்த நாற்பது லைன்களில் பாதியை அவரே பத்து வருஷமாகக் கையால் மகரந்தம் தட்டி உண்டாக்கியவர். அதிலும் பதினேழாம் எண்மேல் அவருக்குத் தனிப் பிரியம். வீட்டு விசேஷங்களைத் தள்ளிவைத்துவிட்டுப் பூக்கும் நாளில் வயலில் நின்றவர். நானும் எதிர்த்துப் பேசவில்லை. பங்குனிக் கடிதம் என் தலையில் இருந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் தம்பிக்காரர் இருக்கிறாரா என்று தூரத்திலேயே பார்ப்பேன். இருந்தால் வாழைத்தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு மறு பக்கமாக நுழைவேன். நாலாவது நாள் அந்தத் தந்திரம் பலிக்கவில்லை. அவர் வாழைத்தோட்டத்தின் முனையிலேயே எனக்காகக் காத்து நின்றார். கையில் இரண்டு செடிகள், வேரோடு. பாதித் தோகை மஞ்சளும் வெள்ளையுமாக வெளுத்திருந்தது.

"உரக்கடையில கேட்டேன், துத்தநாகம் கொறச்சல்ங்கான். எங்க அண்ணன் வெத சொத்தைங்கான். எனக்கு ரெண்டு பேரு சொல்லுததுலயும் நம்பிக்க இல்ல. நீங்க படிச்சவிய. பாத்துச் சொல்லுங்க, இது என்னது?"

செடியை வாங்கிப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். பனி காய்ந்த நேரம், வெள்ளை அவ்வளவாகத் தெரியவில்லை.

"தண்ணி கூடிப் போயிருக்கும் அண்ணாச்சி. கொஞ்சம் காயப் போட்டுப் பாருங்க."

இந்தப் பொய்யை யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. பேசாமல் இரு என்றுதான் சார் சொன்னார். நான் பேசாமல்கூட இருக்கவில்லை.

அவர் அதை அப்படியே நம்பினார். தன் முறை வந்தபோது தண்ணீர் வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டார். தண்ணீர் வாழைக்குப் போயிற்று. மழையும் அந்த வாரம் இல்லை. நோய் வராத செடிகளும் மத்தியானத்தில் தோகையைச் சுருட்டிக்கொண்டு நின்றன. கிணற்றடியில் அண்ணன் பேசுவது எங்கள் வயல்வரை கேட்டது.

"தண்ணி வேண்டாம்ங்குத சம்சாரிய இன்னைக்குத்தாம்லே பாக்கேன். வெதைக்கத் தெரியல, பாய்ச்சத் தெரியல. உனக்கு எதுக்குலே தனி யோசன?"

தம்பி மண்வெட்டியோடு தன் வரப்புக்குத் திரும்பினார். நான் நோய் வரிசைக்குள் உட்கார்ந்து, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எதையும் எழுதாமல் இருந்தேன். எழுந்து போய்ச் சொல்லிவிடு என்று கால் சொல்லும். எழ மாட்டேன். அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது பக்கத்து சீட்டு அம்மாள், "ஏன் பிள்ள, மேலுக்கு முடியலயா?" என்று கேட்டார்.

கணக்கை முடிக்க இன்னும் இரண்டே நாள் இருந்தது. அன்று முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். எங்கள் வயலுக்குள் ஓர் ஆள் நிற்பது தெரிந்தது. தம்பிக்காரர்தான். நோய் வரிசையில் நின்று ஒரு தோகையைத் திருப்பிப் பிடித்திருந்தார். இடுப்பில் அரிவாள். என்னைப் பார்த்தும் அசையவில்லை.

"இது உங்களுதுலயும் இருக்கு" என்றார்.

"ஆமா அண்ணாச்சி."

"எப்பயிருந்து?"

"உங்களுதுக்கு முன்னாலயிருந்து."

"தண்ணி கூடுனதுனாலயா?"

பனி சொட்டிக்கொண்டிருந்தது.

"இல்ல. இது நோய். நாங்கதான் வளக்கோம். எந்தச் செடி தாங்குதுன்னு பாக்கதுக்கு வேணும்னே வரவழைச்சது. இங்கயிருந்துதான் உங்க வயலுக்கு வந்திருக்கு. நீங்க வெதச்ச அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும். சொல்லல. தண்ணின்னு சொன்னதும் பொய்."

அவர் தோகையை விட்டார். தன் வயலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அரிவாளை உருவி, நின்ற இடத்திலேயே ஒரு செடியை அடியோடு சீவினார். அடுத்ததை. அதற்கடுத்ததை. என்னை நோக்கி அல்ல, வரிசையோடு போனார். சத்தம் போட்டிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும். வரிசையின் கடைசிக்கு வந்து, லைன்கள் பக்கம் திரும்பியபோது ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன்.

"அண்ணாச்சி, நோய் வரிச பூராத்தையும் வெட்டிப் போடுங்க, நானும் சேந்து வெட்டுதேன். அதோட சோலி முடிஞ்சுபோச்சு. இத மட்டும் ரெண்டு நாள் விட்டுருங்க. எண்ணாம வெட்டுனா உங்க வயலு போனதும் வீணாப் போயிரும்."

"என் வயலு போனது உங்களுக்கு ஒதவணுமாக்கும்."

நான் அங்கிருந்து நகரவில்லை. அரிவாள் அவர் கையில் தொங்கியது. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். ஒரு வழியாக, "ரெண்டு நாள்தான?" என்றார்.

"ரெண்டே நாள்."

"அப்பம் நீங்க இப்ப எங்கூட வரணும். எங்க அண்ணங்கிட்ட வந்து சொல்லணும். வெத சொத்தையில்ல, நான் பாய்ச்சத் தெரியாதவன் இல்லன்னு. நான் சொன்னா அவன் நம்ப மாட்டான். நீங்க சொல்லணும்."

அவர் கேட்டது அது ஒன்றுதான். சார் பேசாமல் இருக்கச் சொன்னது என் நினைவில் வந்தது. வந்ததைத் தள்ளிவிட்டு அவர் பின்னால் நடந்தேன்.

அண்ணன் கிணற்றடியில் மோட்டாரைப் போடத் தயாராக நின்றார். தம்பியைவிடப் பத்து வயது மூத்தவர், குட்டையான ஆள். நான் தம்பியிடம் சொன்னதையே ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன். விதையில் குற்றமில்லை, விதைத்ததில் குற்றமில்லை, தண்ணீர் வேண்டாம் என்றதுகூட என் பேச்சைக் கேட்டுத்தான் என்று சொன்னேன். அவர் தம்பியைப் பார்ப்பார், இரண்டு வார்த்தை நல்லபடி சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் பார்த்தது என்னைத்தான்.

"நோய வளக்கதுக்கு கவர்மெண்டு சம்பளம் குடுக்குதாக்கும்? ஊரக் கூட்டுதேன். அத்தன பேரும் வந்து பாக்கட்டும். ஏலே, வாலே, இன்னைக்கே புடுங்கி எறிஞ்சுட்டுத்தான் மறு சோலி!"

அவர் எங்கள் வயலைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டார். தம்பி முன்னால் ஓடி மறித்தார்.

"ரெண்டு நாள் குடுத்திருக்கேன்ண்ணே."

"நீ யாருலே குடுக்க?"

"என் வயலுதான போச்சு. நாந்தான் குடுக்கணும்."

அண்ணன் நின்றுவிட்டார். தம்பி எதிர்த்துப் பேசி அவர் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். கடைசியில் அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"சரி. ரெண்டு நாள் நான் அங்கனயே இருப்பேன். இந்தப் பிள்ள என்ன எழுதுதுன்னு பாக்கணும்."

சொன்னபடியே இருந்தார். மறுநாள் காலை நான் போகும்முன்பே வரப்பில் குத்த வைத்து உட்கார்ந்திருந்தார். நான் நோட்டோடு முதல் லைனில் இறங்கினேன். வரிசைக்கு மொத்தச் செடி எத்தனை, நோய் வந்தது எத்தனை. மனதுக்குள் எண்ண விடவில்லை அவர்.

"எத்தன?"

"இருவத்தாறுல பத்தொம்பது."

"அடுத்தது?"

"இருவத்தஞ்சுல இருவத்தஞ்சு."

ஒவ்வொன்றும் ஓர் அடி விழுகிற மாதிரி இருந்தது. லைன் லைனாக விழுந்து கிடந்தன. நடுவில் ஏதாவது ஒன்று பச்சையாக நின்றால் அவரே எழுந்து வந்து பார்ப்பார். பதினேழாம் லைனுக்கு வந்தேன். சாருடைய லைன். மேலிருந்து பார்க்க நல்ல கரும்பச்சை.

"இருவத்திநாலுல ஒண்ணு" என்றேன்.

"பைய, பைய. மூணாவது செடி? அடியில பாத்தியாம்மா?"

பார்த்திருந்தேன் என்றுதான் நினைத்தேன். அவர் இறங்கி வந்து, கீழிருந்து இரண்டாவது தோகையை விலக்கினார். காம்பை ஒட்டி அரை விரல் நீளத்துக்கு வெளிறியிருந்தது. திருப்பினால் மெல்லிய வெள்ளை.

"இது என்னது?"

"நோய்தான்."

"பெறகு ஏன் விட்ட?"

நான் திரும்ப முதல் செடியிலிருந்து எண்ணினேன், குனிந்து, ஒவ்வொரு தோகையாக. ஆறு வந்தது. இரண்டு வாரமாகத் தம்பி வயலில் பார்த்துப் பார்த்து அவர் கண்ணுக்கு அந்த வெளிறல் பழகியிருந்தது. எனக்கோ அது யாருடைய லைன் என்று தெரிந்திருந்தது. ஒன்றை அடித்துவிட்டு ஆறு என்று எழுதினேன். பத்தில் ஒன்றுக்கு மேல் போனால் அந்த லைன் தாங்கவில்லை என்று கணக்கு. அதோடு பதினேழு போயிற்று. பிறகு அதுவரை எண்ணிய எல்லா லைன்களையும் மறுபடி எண்ணினேன். அதற்குப் பிறகு அவர் வரப்பில் போய் உட்காரவில்லை. கூடவே வந்தார்.

இரண்டாம் நாள் மத்தியானம் கணக்கு முடிந்தபோது நாற்பதில் ஆறு லைன்கள் நின்றன. அப்போதுதான் சார் ஜீப்பில் வந்தார். முந்தின நாள் சாயங்காலமே எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவருக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

ஜீப்பிலிருந்து இறங்கியதும் அண்ணன் அவரைப் பிடித்துக்கொண்டார். சார் முதலில் விளக்கம் சொல்லப் பார்த்தார். ஆராய்ச்சி, நாடு, விவசாயிகளின் நன்மை என்று தொடங்கினார்.

"நாங்க யாரு? விவசாயியில்லயா?" என்றார் அண்ணன்.

சார் நிறுத்திவிட்டார். யாரும் சொல்லாமலே தம்பியின் வயலுக்குள் இறங்கினார். பத்துப் பதினைந்து செடிகளைத் திருப்பிப் பார்த்தார். கடைசிவரை நடந்து போய்த் திரும்பி வந்தார். பாண்ட்டெல்லாம் சேறு. தம்பியின் முன்னால் வந்து நின்று, "தப்பு எங்க மேலதான். இந்தப் பொண்ணு முதல் நாளே சொல்லுச்சு, நான்தான் தடுத்தேன்" என்றார். அதை அவர் சொல்வார் என்று நான் நினைக்கவே இல்லை.

ஆட்களை அழைத்து, நின்ற ஆறு லைன்களை விட்டு மற்ற எல்லாவற்றையும் பிடுங்கி, வாய்க்கால் ஓரம் பெரிய குழி வெட்டிப் புதைத்தோம். தம்பியின் வயலில் நல்ல செடி தேறுமா என்று பார்த்தோம். தேறவில்லை. அதையும் பிடுங்கினோம். அவரே பாதிக்குமேல் பிடுங்கினார். அந்த வாரத்திலேயே சார் எங்கள் பண்ணையிலிருந்து உளுந்து விதை கொடுத்தனுப்பினார். ஈரம் இருக்கும்போதே அவர் விதைத்துவிட்டார். பருவம் கொஞ்சம் பிந்தியதுதான். ஆனாலும் முளைத்தது.

ஜீப்பில் திரும்பும்போது சார் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "பதினேழு?"

"இருபத்திநாலுல ஆறு சார்."

வண்டி திருநெல்வேலி வந்து சேரும்வரை அவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

மிச்சமிருந்த ஆறுக்கும் அடுத்த சோதனை. கருகல் வந்த பழைய இலைகளைக் காயவைத்துப் பொடித்துக் குருத்துக்குள் தூவினேன். தையில் இலைக் கருகல் மூன்றைத் தின்றது. தோகைகளில் ஓடம்போல நீளநீளமாகக் காய்ந்த தழும்புகள். மற்ற மூன்றும் நின்றன. பூத்தபின் அவற்றின் தண்டில் சிறு துளையிட்டு, தண்டு அழுகல் பூசணத்தை வளர்த்து ஏற்றிய பல் குத்தும் குச்சிகளைச் செருகினோம். பிறகு தண்ணீரை நிறுத்திக் காய விட்டோம். மண் வெடித்தது. வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. அறுத்துப் பிளந்தால்தான் தெரியும்.

மாசியில் ஒரு காலை பிளக்கப் போனேன். நான் கொண்டுபோன கத்தி சோளத்தட்டையில் இறங்கவில்லை. காய்ந்து விறைத்திருந்தது. உளுந்துக் காட்டில் நின்ற தம்பிக்காரர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு வந்தார்.

"இங்கன குடுங்க. கையக் கிழிச்சுக்கிடப் போறிய."

அரிவாளால் ஒரு தட்டையை வெட்டி, செங்குத்தாக நிறுத்தி, நடுவே ஒரே இழுப்பில் பிளந்தார். உள்ளே கரி. தக்கையெல்லாம் பொடிந்து, நார் நாராகக் கிடந்தது. கரித்தூள் அவர் விரலில் அப்பிக்கொண்டது. அடுத்ததும் அப்படியே. அந்த லைனில் பத்தில் எட்டு கரி. இரண்டாவது லைனை எடுத்தோம். முதல் மூன்றும் வெள்ளையாக இருந்தன. நாலாவது கரி, ஐந்தாவது கரி, ஆறாவதும். நான் எழுதுகிற பேனாவைப் பிடித்த பிடியில் விரல் வலித்தது.

மிச்சம் முப்பத்திரண்டாம் லைன் மட்டும். குட்டையான செடி, சின்னக் கதிர். அதுவரை யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. முதல் தட்டையைப் பிளந்தார். குச்சி குத்திய இடத்தைச் சுற்றி ஓர் உளுந்து அளவுக்குப் பழுப்பு, அவ்வளவுதான். மேலும் கீழும் தக்கை பால் வெள்ளை. இரண்டாவது வெள்ளை. மூன்றாவது வெள்ளை. ஏழாவதைப் பிளக்கும்முன் அரிவாளை வேட்டியில் துடைத்தார். அதில் ஒரு கணு மட்டும் கறுத்திருந்தது. எட்டு, ஒன்பது, பத்து, மூன்றும் வெள்ளை.

நான் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பத்துப் பிளவுகளையும் வரிசையாக மண்ணில் பரப்பி வைத்துப் பார்த்தார்.

"இந்த ஒண்ணுக்குத்தானா?"

"ஆமா அண்ணாச்சி. இது ஒண்ணுதான். மூணையும் தாங்கியிருக்கு."

"கதிரு சின்னதால்லா இருக்கு. இத யாரு வெதப்பா?"

"இதையே வெதைக்கிறதில்ல. வேற நல்ல கதிர் லைனோட சேத்து வெத எடுப்பாங்க. அதுக்கு இன்னும் ஏழெட்டு வருஷம் ஆவும்."

அவர் தலையாட்டினார். "வெச்சுக்கிடுங்க" என்றார். அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு உளுந்துக் காட்டுக்குப் போய்விட்டார். அவர் மன்னித்தார் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு எனக்குக் கத்தி பிடிக்கத் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்தது. அதனால் வந்தார்.

சார் எழுதிய அறிக்கையில் அந்தப் பருவத்தைப் பற்றி, நோயின் தாக்கம் சோதனைக்குப் போதுமான அளவில் இருந்தது என்று ஒரு வரி இருந்தது. பக்கத்து வயலைப் பற்றி ஒன்றும் இல்லை. அடுத்த ஆண்டுத் திட்டத்தை எழுத என்னிடம் கொடுத்தார். வேலை நீடிக்கிறது என்று பங்குனிக் கடிதமும் வந்திருந்தது. முதல் பக்கத்திலேயே நான் இரண்டு விஷயம் சேர்த்தேன். விதைக்கும்முன் சுற்றிலும் உள்ள ஒவ்வொரு நிலத்துக்காரரிடமும் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அவர்கள் மக்காச்சோளம் போடுவதாக இருந்தால் மருந்து கலந்த விதையை நாங்களே கொடுக்க வேண்டும். சார் அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். முப்பத்திரண்டின் விதை சிறு உறைகளில் வடக்கே இரண்டு நிலையங்களுக்குப் போனது. அங்கேயும் அது தாங்கியது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நாங்கள் அந்தக் குத்தகை நிலத்தை விட்டுவிட்டோம். மறு வருஷம் ஐப்பசியில் வேறு வேலையாக ஸ்ரீவைகுண்டம் போனவள், மனசு கேட்காமல் அங்கே இறங்கினேன். தம்பிக்காரரைக் காணவில்லை. அவருடைய அரை ஏக்கர் முழுக்க வெண்டை நின்றது. அண்ணன் மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"இது யாரு போடச் சொன்னது?" என்று வெண்டையைக் காட்டிக் கேட்டேன்.

"அவந்தான். எங்கிட்ட எங்க கேக்கான் இப்பம்?" என்றார். முகத்தில் கோபமா பெருமையா என்று எனக்குப் பிடிபடவில்லை. பிறகு என் தோள்பையைக் கண்ணால் காட்டினார். "அதுல என்னம்மா, வெதயா?"

"இல்லண்ணாச்சி, காயிதந்தான்."

"அப்பம் உக்காரு. காப்பி கொண்டாரச் சொல்லுதேன்."